செங்கல் நிறமும் ஒரு குடம் தண்ணீரும்

எனக்கு வீம்பு ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக் காட்டுவார். அந்த வீம்புதான் என் சர்க்கரையை இறக்கியது என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

1960களில், மகள் தலைப்பிரசவத்துக்காக அரிமளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். எனக்கோ ஓயாத தாகம், அசதி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் என் மூத்திரத்தை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாகிப் போனது. நீலமாகவே நின்றால்தான் சர்க்கரை இல்லையாம்.

"சோத்தைக் குறைங்க. சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. "விடிஞ்சதுலேருந்து நான் உக்காரவே இல்லைங்க. இன்னும் நடக்கணுமா?"

"மத்தியானம் சாப்பிட்டதும் என்ன செய்வீங்க?"

"படுப்பேன்."

"அப்பத்தான் சர்க்கரை ரத்தத்துல ஏறுது. அந்நேரம் காலுக்கு வேலை குடுத்தா உடம்பு அதைச் செலவழிச்சிடும்."

ஒரு மாதம் கழித்தும் செங்கல் நிறமென்றால் ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி போட்டாக வேண்டும் என்றார். மகளுக்கும் அப்போதுதான் நாள். அவள் வலியில் கிடக்கும்போது நான் இங்கே வந்து படுத்திருப்பதா?

நடந்தேன். பதினைந்து நாள் கழித்து உள்ளூர் கம்பவுண்டர் காய்ச்சிப் பார்த்தார். அதே செங்கல். "நடக்குறீங்களா, இல்லையா?" என்றார்.

"தெருத்தெருவா நடக்குறேன். கூப்பிட்ட வீட்டுல காப்பி குடிக்கிறேன்" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். சும்மா போகிற பொம்பளையைக் கூப்பிடாமல் விடுவார்களா? வேண்டாமென்றால் அவர்கள் முகம் தொங்கிப்போகும்.

மறுநாள் சாப்பிட்ட கையோடு குடத்தைத் தூக்கினேன். இடுப்பில் குடத்தோடு போகிறவளை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ஊருணிக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் உச்சி வெயிலில் இரண்டு மூன்று நடை. "ஒங்க வீட்டுல யானை வளக்குறீகளா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக் குழாயில் லேசான பச்சைதான். டாக்டர் ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை. பெருமை தாங்காமல் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஊருணிக்குப் போய்விட்டு வந்ததுமே மகளுக்கு வலி எடுத்தது. பேரன் பிறந்தான். "தண்ணி எங்க?" என்று மருத்துவச்சி கேட்டாள். அண்டா நிறைய இருந்தது, எல்லாம் நான் நடந்து கொண்டுவந்தது. அவன் முதல் குளியலுக்கு வெந்நீரை நானே விளாவினேன்.