காது ஓட்டையோடு வேண்டும்

இடது காதில் வந்த கட்டியை எடுக்கும்போது காதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, பேச்சும் கேட்கும், வெளியே இருக்கிற மடல் மட்டும்தான் போயிற்று என்று சொல்லி அனுப்பினார்கள். மடல் மட்டும்தான் என்றால் மூக்குக்கண்ணாடியை எதில் மாட்டுவது? எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் பேப்பர் பார்க்காமல் நான் இருந்தது கிடையாது. கண்ணாடியின் ஒரு காலில் நாடாவைக் கட்டித் தலையைச் சுற்றி முடிந்துகொண்டேன். மருமகள் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போடவில்லை. வெட்டினது டாக்டர். ஒளிந்துகொள்வது நானா?

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். காலை ரயிலில் போய் இருட்டின பிறகு வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நிற்கும்போது, தங்கள் ஆஸ்பத்திரியில் மனிதருடைய உயிரணுவையே வளர்த்து மிஷினில் காது பிரிண்ட் பண்ணுகிறார்கள் என்று சொன்னாள்.

என் நாத்தனாரும் அங்கே இருந்தாள். "கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாப்புலயா? நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் குடுப்பாங்களா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு அண்ணி காது? யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

"உன்ன மட்டும் யாரு பாக்கறாங்க? உன்னுது ரெண்டையும் அறுத்துக் குடுத்துடேன்."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போய் மகனை ரயிலுக்குக் கிளம்பச் சொன்னேன்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். நல்ல காதின் பின்புறத்திலிருந்து ஒரு துணுக்குக் குருத்தெலும்பு எடுப்பார்களாம். அதைப் பாத்திரத்தில் வைத்து வளர்த்து, ஜெல்லில் கலந்து, மிஷின் ஊசியால் இழை மேல் இழையாகக் காது வடிவத்தில் அடுக்குவார்களாம். அது கெட்டிப்பட்டதும் என் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள்.

"இன்னும் பரீட்சையில இருக்கிற வைத்தியம்மா. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். உங்க வயசுல உயிரணு மெதுவாத்தான் வளரும்."

"நானும் மெதுவாத்தான் நடக்கறேன். ஊரிகத்துல இருந்து இங்க வந்து சேரலயா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த அறையில் ஒரு பெண் என் வலது காதைச் சுற்றி வெளிச்சம் காட்டிப் படம் பிடித்தாள். கம்ப்யூட்டரில் அதை இடப்பக்கம் திருப்பி, "இதுதான் உங்க புதுக் காது" என்றாள். பார்த்தேன். பிறந்த குழந்தையின் காது மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது யார் காது பாப்பா?"

"உங்களுதுதாம்மா. அங்கங்க ஓட்டை இருந்துச்சு. டேமேஜ்னு நெனச்சு க்ளீன் பண்ணிட்டேன்."

சோணையில் கம்மல் ஓட்டை. மேல் மடலில் கொப்புக்கும் முருகுக்கும் குத்தின ஓட்டைகள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் உட்காரவைத்துக் குத்த வைத்தது. என் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்கத்தில் தங்கம் தோண்டினார். எங்கள் வீட்டுக்கு வந்த தங்கமெல்லாம் என் காதில் இருந்ததுதான். சுரங்கத்தை மூடின பிறகு அதுவும் ஒவ்வொன்றாகப் போனது. ஓட்டை தூர்ந்துபோகாமல் வேப்பங்குச்சியைச் செருகிக் காப்பாற்றி வைத்தேன். தங்கம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஓட்டை என்னுடையது.

"எங்க ஊர்ல சுரங்கத்து சாஃப்ட்ட மூடினப்பவும் யாரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. என் காதையும் அப்பிடியே மூடிட்டியா?"

மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "எம்மா, சும்மா இரு. பெரிய மனசு பண்ணி செய்யறாங்க, குடுக்கறத வாங்கிக்க."

"காது உனக்கா எனக்கா?"

அவன் வெளியே போய் நின்றுகொண்டான். அந்தப் பெண் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

அவர் என் வலது காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சோணையில ஓட்டை விடலாம்மா. மேல, குருத்தெலும்புல விட்டா அந்த இடம் பலமில்லாம போகும், கிழியலாம். கிழிஞ்சா இன்னொண்ணு செஞ்சு தர முடியும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஓட்டை இல்லாம வெச்சா கண்ணாடி நல்லா நிக்கும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். கண்ணாடிக்காகத்தானே ரயிலேறி வந்தேன். அந்த வழவழக் காதைத் தலையில் ஒட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். காலையில் தலை வாரும்போது கை மேலே போகும், ஒன்றும் தட்டுப்படாது. மாமியார் குத்த வைத்ததும் நான் பட்ட வலியும் நடக்கவே இல்லை என்று அந்தக் காது சொல்லும்.

"கிழிஞ்சா என் காது கிழிஞ்சதாவே போவட்டும் டாக்டரம்மா. வேற எவளோ காதை ஒட்டிக்கினு நான் இருக்க மாட்டேன்."

அவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்கெங்கேன்னு நீங்களே காட்டுங்க" என்றார்.

அந்தப் பெண் மூடினதையெல்லாம் திறந்தாள். ஓட்டைகள் வந்தன. ஆனால் அவை வலது காதின் ஓட்டைகள்.

"இடதுல முருகு ஓட்ட இங்க இல்ல பாப்பா. ஒரு நெல்லு அளவு பின்னால, கோணலா கீது. குத்தறப்ப நான் தலைய இழுத்துட்டேன்."

"கோணலாவே வேணுமாம்மா? நேரா வெச்சா பாக்க நல்லா இருக்கும்."

"கோணலாத்தான் வேணும்."

அவள் நகர்த்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, காது இருந்த இடத்தில் வெறும் காற்றைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு அந்த இடம் தெரிந்தது. கண்ணைத் திறந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் என்றேன். நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அங்கே நிறுத்தச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் வலது காதை டாக்டரம்மா பக்கம் திருப்பி, "இப்ப அந்தத் துணுக்க எடுத்துக்குங்க" என்றேன்.