ஜெயில் ஓட்டலில் அத்தான் சொன்னது

துபாயில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் மேனேஜருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சாப்பாட்டைச் சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்களில் நாலைந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேஷம் கட்டிய ஓட்டல் எதற்காவது போவார். ஒன்றில் சுவரெல்லாம் பிளாஸ்டர் பாறை. குகைக்குள் குந்தி கபாப் தின்ன வேண்டும். ஒன்றில் மேஜைகளுக்கு நடுவே பொம்மை ரயில் தட்டுகளைச் சுமந்து வரும். கப்பல் ஓட்டலில் தரை லேசாக ஆடும். இரண்டு பியர் உள்ளே போனபிறகு ஆடுவது கப்பலா நானா என்று எனக்குத் தெரிந்ததில்லை. கிராமத்து ஓட்டல் ஒன்றில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். பதினெட்டு வயதுவரை கயிற்றுக் கட்டிலில் புரண்டவனை அதில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தால் எரிச்சல் வருமா வராதா? ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடையில், சாப்பிடுகிறவன் எப்போது எழுந்திருப்பான் என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பழகியவன் நான். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. புது ஆளை எடுக்கும்போது ஆபீசில் வைத்துக் கேள்வி கேட்கமாட்டார்; சாப்பிடக் கூட்டிப்போவார். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடத் தெரிந்தவனுக்கு வேலையும் தெரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. அப்படி அவர் பார்ப்பதற்காகத்தான் என் அத்தானை நான் கூட்டிப் போனேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். விசிட் விசாவில் வந்து என் அறையில் தங்கியிருந்தார். இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டது. அத்தான் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பைண்டிங்கைப் பார்த்துக்கொண்டவர் என்று மேனேஜரிடம் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

அந்தக் கம்பெனியில், தீபாவளி ஆர்டர் நெருக்கும் சீசனில் ஒருநாள் காலை மருந்து அடைக்கும் ரூம் ஒன்று வெடித்தது. மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. முதலாளி வெளியூர் போயிருப்பார், போர்மேன் உள்ளே போவார். அத்தான் விருதுநகர் ஜெயிலில் நாற்பது நாள் இருந்தார். அந்த ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். கூடுதலாக இருந்த இரண்டு பெண்களும் பக்கத்து ரூமிலிருந்து தாங்களாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எனக்குத் தெரியாது என்று அத்தான் கூண்டில் நின்று சொன்னார். அந்த இரண்டு பேரும் செத்தவர்களில் இருந்தார்கள். பிழைத்த மூன்று பேரும் மறுபடி அதே கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள், வாயைத் திறக்கவில்லை. விடுதலை ஆகிவிட்டது. அத்தான் சொன்னதையே வீட்டில் எல்லோரும் நம்பினோம். வேறு மாதிரி இருக்குமோ என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஆகையால் அந்த வியாழக்கிழமை என் அறையிலிருந்து கிளம்பும்போதே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பட்டாசு என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. கேஸ், கோர்ட், எதுவும் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில், மற்றபடி சிரித்தால் போதும். அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, சரி மாப்ளே என்றார். எந்த ஓட்டல் என்று எனக்கே தெரியாது. மேனேஜர் எப்போதும் கடைசிவரை சொல்லமாட்டார்.

லிப்டிலிருந்து வெளியே வந்ததும்தான் தெரிந்தது. அது ஜெயில் ஓட்டல்.

வாசலில் காக்கிச் சட்டையும் லத்தியுமாக வெயிட்டர்கள் நின்றார்கள். மேஜை ஒவ்வொன்றையும் சுற்றி இரும்புக் கம்பி அடைப்பு. சுவரில் விலங்குகள் தொங்கின. உள்ளே போகும் ஒவ்வொருவரும் கையில் ஒரு சிலேட்டைப் பிடித்து நிற்க வேண்டும். என்ன குற்றம் செய்தாய் என்று வெயிட்டர் கேட்பான். சொன்னதை சிலேட்டில் எழுதி, உடனே படம் வரும் கேமராவில் போட்டோ பிடித்துக் கையில் தருவான். நாங்கள் ஆறு பேர். மேனேஜர், நான், அத்தான், டிசைன் பார்க்கும் ஒரு கோவாக்காரர், மெஷினில் நிற்கும் இரண்டு பேர். மேனேஜர் சிவப்பு விளக்கைத் தாண்டினேன் என்று எழுதச் சொன்னார். கோவாக்காரர் யாருடைய இதயத்தையோ திருடினாராம். நான் ஆபீசில் தூங்கினேன் என்றேன். நல்ல கூத்து என்று எல்லோரும் சிரித்தார்கள். அத்தானின் முறை வந்தது. அவர் வெயிட்டரின் காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நடுவில் புகுந்து இழுத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு ஒதுக்கிய கம்பி அடைப்பின் வாசலில் அத்தான் நின்றார். வலது உள்ளங்கையைக் கம்பியின்மேல் பதியவைத்து ஒரு நொடி பிடித்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். இது ஏதடா, கோயிலா என்று மேனேஜர் சிரித்தார். எனக்குத் தெரியும், இது பக்தி இல்லை. எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கும் கரண்டு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். பத்தொன்பது வருஷம் அப்படிச் செய்த கை, அத்தானைக் கேட்காமலே போய்த் தொட்டுவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம் சாதாரண மனுஷனாக இருக்க முடியாதா என்று பல்லைக் கடித்தேன்.

உள்ளே உட்கார்ந்ததும் வெயிட்டர் கதவை இழுத்துச் சாத்தி, பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டான். அதுவும் விளையாட்டில் சேர்த்தி. அத்தான் என் தொடையைத் தொட்டார்.

"மாப்ளே, சாவி யார்ட்ட இருக்கு?"

"அவன்ட்டதான் இருக்கு. பேசாம இருங்க அத்தான்."

சரக்குப் பட்டியலில் ஒன்றுக்கு ஜாமீன் என்று பெயர், இன்னொன்றுக்கு ஆயுள் தண்டனை. மேனேஜர் எல்லோருக்கும் பியர் சொன்னார். ஐஸ் நிரம்பிய தகர வாளியில் பாட்டில்களைக் கழுத்தளவு புதைத்துக் கொண்டுவந்து, கம்பிக்கு நடுவே இருந்த சின்னத் திறப்பு வழியாக உள்ளே தள்ளினார்கள். அத்தான் எலுமிச்சை ஜூஸ் வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பைண்டிங்கைப் பற்றிக் கேட்டார். காலண்டர் சீசனில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும், எத்தனை ஆள் வைத்து வேலை வாங்குவீர்கள் என்று கேட்டார். அத்தான் நான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். நடுநடுவே அவர் கண்கள் ஆட்களை எண்ணிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். ஒரு சுற்று எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். போர்மேன்கள் ஒவ்வொரு ரூமையும் கடக்கும்போது தலை எண்ணுவார்கள், அதே எண்ணிக்கைதான். என் காதுப் பக்கம் குனிந்து, இங்கன ஆறு பேரு இருக்கோம் மாப்ளே என்றார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஏசி குளிரில் எனக்குக் கை விறைத்தது.

ஆனாலும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதிகம் பேசாத ஆள், குடிக்காத ஆள், போதாதா? பிரியாணி வந்தது, கோழி வந்தது. இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் அக்காவுக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேனேஜருக்குப் பிறந்தநாளாம். எங்களுக்குத் தெரியாது, ஓட்டல்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திடீரென்று விளக்கை அணைத்தார்கள். கைதட்டிப் பாடிக்கொண்டு நாலு வெயிட்டர்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவன் கையில் கேக். கேக்கின்மேல் ஒரு சின்னக் குழாய், அதிலிருந்து வெள்ளையாகத் தீப்பொறி சீறிக்கொண்டிருந்தது. ஊரில் பிள்ளைகள் கொளுத்தும் புஸ்வாணம், அவ்வளவுதான். கம்பித் திறப்பு வழியாகக் கேக்கை உள்ளே தள்ளினார்கள். கதவு பூட்டியே இருந்தது.

"கதவத் தெற!"

அந்தக் குரலை நான் அதுவரை அத்தானிடம் கேட்டதில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. வாளியை இரண்டு கையாலும் தூக்கி, பாட்டில், ஐஸ், தண்ணீர் எல்லாவற்றையும் அப்படியே கேக்கின்மேல் கவிழ்த்தார். பிறகு திரும்பி, எங்கள் ஐந்து பேரையும் கைகளை விரித்துக் கதவுப் பக்கமாகத் தள்ளினார். கோவாக்காரரைத் தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டார். யாரோ விளக்கைப் போட்டார்கள். மேஜையெல்லாம் தண்ணீரும் கிரீமும். மேனேஜரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

அவர் மெதுவாகத் தமிழில் கேட்டார், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. பாட்டை நிறுத்திய வெயிட்டர் ஒருவன், விளையாட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தானோ என்னவோ, சிலேட்டை எடுத்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அத்தான் மேனேஜரைப் பார்க்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்துத்தான் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு நின்று சொன்னார்.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல ஆறு பேர உக்கார வச்சது நாந்தேன்யா. அவளுகளா வரல. மாட்டோம்னுதான் சொன்னாளுக. சாயங்காலம் லோடு போகணும்னு நாந்தேன் வஞ்சு உள்ள அனுப்புனேன். மூணு பேரு போயிட்டாளுக."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அத்தானும் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் நான் என்ன செய்திருக்கலாம் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு நாள் விசா ஞாபகம் வந்தது, அக்கா முகம் ஞாபகம் வந்தது, நான் அளந்து வைத்த காலண்டர் கம்பெனி ஞாபகம் வந்தது.

நான் சிரித்தேன். பலமாக, தொடையில் தட்டிச் சிரித்தேன். "சார், எப்படி நடிப்பு? நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஜெயில் ஓட்டல்னா சும்மா உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காதுல்ல" என்றேன்.

மேனேஜரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பிறகு அவரும் சிரித்தார், கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். அத்தான் சொன்னதை மேனேஜரே வெயிட்டருக்கு இங்கிலீஷில் சொன்னார். வெயிட்டர் மூன்று கொலைகள் என்று சிலேட்டில் எழுதி, கம்பி வழியாக அத்தான் கையில் கொடுத்து, போட்டோ பிடித்தான். அத்தான் சிலேட்டைச் சொன்னபடி பிடித்துக்கொண்டு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து சேர்ந்துகொள்ளுங்கள், உங்களை மாதிரி ஆள் இருந்தால் பைண்டிங்கில் சலிப்பே இருக்காது என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டினார்.

டாக்சியில் வரும்போது அத்தான் போட்டோவைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். சும்மா ஏதோ ஜோக் என்றேன்.

"மூணுன்னு நம்பர் போட்டிருக்கே மாப்ளே. அது எனக்கு வாசிக்கத் தெரியும்."

போட்டோவை, அவர் போட்டிருந்த என் சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை அவர் வேலையில் சேரவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். நீங்கள் என் பேரைக் கெடுக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஊருக்குப் போறேன் மாப்ளே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. திங்கட்கிழமை விமானம் ஏற்றிவிட்டேன். மேனேஜரிடம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் எனக்கு அப்போது சரளமாக வந்துகொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, கார்டு வாங்கிப் பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்ததும் அழுவாள், வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு என்னைத்தான் கேட்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. அத்தான் ஆனைக்குட்டத்துக்குப் போய்விட்டு வந்தார் என்றாள். கூடுதலாக உட்கார்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் வீடு அங்கேதான் இருக்கிறது. அவள் புருஷனிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அடிக்கவில்லை, வையவும் இல்லை. தன் பெண்டாட்டி தானாக வந்து உட்கார்ந்து தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்று ஊரே பேசியதை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தவர். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், இதை இதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று. சொன்னேன், துபாயில் வைத்து என் மச்சினன் முன்னால் சொன்னேன் என்றாராம் அத்தான்.

அக்காவுக்குப் பின்னால் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஏலே, அதக் கேட்டுட்டு நீ என்னலே சொன்ன? நானும் எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டேன், உங்க அத்தான் அத மட்டும் சொல்ல மாட்டேங்காக."

கார்டு தீர்ந்து லைன் கட்டாகும்வரை நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.