ஏழுமலை அண்ணனின் ப்ளாக்கும் நான் போட்ட பூட்டும்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலை, மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் அவர் வீட்டில்... தூக்கத்திலேயே.

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ரிசப்ஷன், அவர் ரூம் சுத்தம் செய்வது, துணி துவைப்பது. நான் வேலையை விட்ட பிறகும் அவர் அங்கேதான்.

மொட்டை மாடியில் பெட்ஷீட் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்ததும், எதிரே நிற்கும் மலை அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்வார். அதைக் கேட்காமல் எனக்கு டீ இறங்காது.

"இத ப்ளாக்ல எழுதுங்கண்ணா" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அப்டின்னா?"

"இன்டர்நெட்ல உங்க பேர்ல ஒரு நோட்டுங்கண்ணா. எழுதி பப்ளிஷ் அழுத்துனா யார் வேணா படிக்கலாம், கீழ கமென்ட் போடலாம். புதுசு மேல வரும், பழசு கீழ போய்டும்."

"பெட்ஷீட் அடுக்கற மாதிரின்னு சொல்லு" என்றார்.

முதல் பதிவு இதுதான்: "இன்னைக்கு மலை இல்ல. மேகம் மட்டும்தான். ஒரு ஷீட்டும் காயல."

அதிலிருந்து தினமும் போனில் இரண்டு வரி. எழுதும் இடத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், ஏதாவது அழிந்துவிடும் என்று பயம்.

எப்போது பேசினாலும் ஒரே கேள்வி. "ஏம்மா, யார்னா படிக்கிறாங்களா? ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலியே..."

"படிப்பாங்கண்ணா, எழுதுங்க" என்பேன். சமாதானத்துக்குத்தான்.

நேற்று சாவுக்குப் போய் வந்து அந்த ப்ளாக்கைத் திறந்தேன். தொடங்கிக் கொடுத்தவள் நான் என்பதால் பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது.

மேலிருந்து கீழே படிக்கப் படிக்க... மழை போய், வெயில் போய், மறுபடி மழை. முட்டிவலி இல்லாமல் அண்ணன் மாடி ஏறிய நாட்களுக்கே போய்விட்டேன்.

அப்புறம்தான் கமென்ட் பக்கம் பார்த்தேன். நூற்றுக்கும் மேல்... எல்லாமே 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது'.

என் வேலைதான். பேர் எழுதாமல் யாரையும் மாடிக்கு விடாத ரிசப்ஷன் புத்தி. நாம் பார்த்து அனுமதித்தால்தான் கமென்ட் வெளியே தெரியும் என்று முதல் நாளே செட் பண்ணி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவே இல்லை.

இத்தனை வருஷமும் எல்லோரும் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள்.

கத்தாரில் ஒரு நம்மூர்க்காரர்: "உங்க ரெண்டு வரி படிச்சிட்டுதாண்ணா ஷிப்டுக்குக் கிளம்புறேன்." பேர் போடாத ஒரு அம்மா: "படுக்கையில இருக்கேன், மலையப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. இன்னைக்குப் பாத்தேன்."

அழுதேன். வேறென்ன செய்ய...

இன்று காலை ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தேன். ஒன்றைத் தவிர. அது கத்தார்க்காரர் நேற்று போட்டது: "அண்ணா, இன்னைக்கு மலை தெரியுதா?"

அண்ணன் போய்விட்டதை அவருக்கு எழுதிவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும்.

மன்னிச்சிடுங்கண்ணா. படிச்சாங்க... தினமும் படிச்சாங்க.

போய்ட்டு வாங்க.