விளக்கெண்ணெய் குடித்த பிரேக்

மாரிக்கண்ணுவுக்கு இரும்பு கத்தினால் பொறுக்காது. பதினைந்து வயதிலிருந்து தில்லைநாயகம் பிள்ளை வீட்டு மாட்டுவண்டியை ஓட்டியவர். அச்சு லேசாகக் கிறீச்சிட்டாலும் வண்டியை ஓரங்கட்டுவார். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த மையை எடுத்துப் பூசிவிட்டுத்தான் மறுவேலை. கத்துகிற வண்டியோடு திருநெல்வேலிக்குள் நுழைவது அவருக்கு வேட்டி கட்டாமல் நுழைவது மாதிரி.

1913இல் பிள்ளைக்கு மோட்டார் ஆசை வந்தது. சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். மாட்டை ஓட்டத் தெரிந்தவனுக்கு மோட்டார் எம்மாத்திரம் என்பது அவருடைய கணக்கு. மாரிக்கண்ணுவை இரண்டு மாதம் மதுரைக்கு அனுப்பிவைத்தார். அங்கே கிளப்பவும் திருப்பவும் நிறுத்தவும் சொல்லிக் கொடுத்தார்கள். சக்கரத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதில் மாணவனாக உட்கார்ந்ததே பெரிய காரியம், அதில் கேள்வி வேறு கேட்பார்களா?

ஊருக்கு வந்து காக்கிக் கோட்டும் போட்டாயிற்று. மோட்டார் மாரி என்று பேரும் ஆயிற்று. ஒரு குறைதான். பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் இரண்டும் கீச்சென்று கத்தின. மாரிக்கண்ணு இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சமையற்கட்டு வாசலில் போய் நின்றார். பிள்ளையின் மனைவி வடிவம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, கொஞ்சம் வெளக்கெண்ணெய் வேணும். மோட்டாரு கத்துது."

"அதுக்கும் வயித்துவலியாலே?" என்று சிரித்தபடி வடிவம்மாள் ஒரு செம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

சக்கரத்து இடுக்கு வழியாக இரண்டு பக்கமும் ஊற்றினார். சத்தம் அடியோடு நின்றது. பிள்ளைக்கும் பரம திருப்தி. டவுன் தெருக்களில் ஆடி அசைந்து போகும் வண்டிக்குப் பெரிதாகப் பிரேக் பிடிக்க வேண்டிய வேலையும் வரவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் புறப்பட்டார்கள். பிள்ளை, வடிவம்மாள், அவர் தங்கை, தங்கையின் இரண்டு சின்னப் பெண்கள், ஓட்டுகிற மாரிக்கண்ணு என்று ஆறு பேர். கோயிலுக்கு இறங்கும் சரிவில் ஜனம் தலை தலையாக நின்றது. மாரிக்கண்ணு மிதித்தார். கால்தான் கீழே போனது, வண்டி நிற்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். வண்டி வேகம்தான் எடுத்தது. முன்னால் ஈர வேட்டியோடு மனிதர்கள். இடது கைப்பக்கம் சத்திர வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்றுமணல் குவியல். கைச்சக்கரத்தை ஒடித்துத் திருப்பி வண்டியை அதற்குள் விட்டார். மூக்கு வரைக்கும் மணலில் புதைந்து வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மணலைக் கொட்டிய வண்டிக்காரன் யாரென்று தெரிந்திருந்தால் மாரிக்கண்ணு அவன் காலில் விழுந்திருப்பார்.

இரண்டு ஜோடி மாடு பூட்டி மோட்டாரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் பார்த்தவர்களுக்குச் சிரிப்புத்தான்.

"மிஷினு சரியில்லலே. வெள்ளக்காரன் ஏமாத்திட்டான். வித்துத் தொலைச்சிருவோம்" என்றார் பிள்ளை.

"ஒரு வாரம் டயம் குடுங்க எசமான். பாத்திருதேன்."

கட்டையை முட்டுக்கொடுத்துப் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினார். பிரேக் கம்பியின் திருகை இறுக்குவார், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார். உராய்ந்தால் அரைச் சுற்றுத் தளர்த்துவார். ஒரு பக்கம் முன்னால் பிடித்து மறுபக்கம் பிந்தினால் வண்டி கோணிக்கொண்டு போகும். நுகத்தில் இரண்டு மாடும் ஒன்றாகக் காலெடுத்து வைக்க வேண்டாமா, அதே கதைதான். இரண்டும் சமமாக வந்தது. ஆனாலும் முற்றத்தில் நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்லி மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

கடைசியில் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இரும்புச் சட்டி மாதிரி ஒரு டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு கட்டைகள், அவற்றின்மேல் தடித்த நாடா. மிதித்தால் கட்டைகள் விரிந்து, அந்த நாடா டிரம்மை உள்ளிருந்து கவ்விப் பிடிக்க வேண்டும். அந்த நாடா ஊறிக் கொழகொழத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார். பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும்போது வீடெல்லாம் அடிக்குமே, அதே வாசனை.

மாரிக்கண்ணுவுக்கு இப்போதுதான் விளங்கியது. சுற்றுகிற இடத்துக்கு எண்ணெய் வேண்டும், கவ்வுகிற இடத்துக்கு அது எமன். இருபது வருஷத்து வண்டிக்காரப் பழக்கம் ஆறு உயிரை ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. வெளியே சொன்னால் இந்த வீட்டில் இனி யார் அவர் பின்னால் ஏறுவார்கள்? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். பயம் யாரைத்தான் விட்டது?

டிரம்மை மண்ணெண்ணெயால் கழுவி, அப்புறம் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். நாடா தேறாது. சென்னையிலிருந்து வரவழைக்க ஒரு மாதம் ஆகும். பேட்டையில் தறி போட்டு நாடா நெய்யும் மஹ்மூதா பீவியிடம் போய்ப் பழையதைக் காட்டினார்.

"கட்டிலுக்கா தம்பி?"

"இல்லக்கா, மோட்டாருக்கு. ஆறு உசுரு இதப் புடிச்சித்தான் நிக்கணும்."

ஏன் கெட்டது என்று பீவி கேட்டதும், யாரிடமும் சொல்லாததை அவரிடம் கொட்டிவிட்டார். பீவி திட்டவில்லை. நூலை நாலு புரியாக முறுக்கிப் பார்த்து, போதாது என்று ஆறு புரியாக்கினார். மூன்று நாள் வேறு வேலையைத் தொடவில்லை. நாடாவைக் கையில் கொடுக்கும்போது, "நான் கெட்டியா நெய்ஞ்சிட்டேன் தம்பி. நீங்க நடந்தத வீட்டுல சொல்லிருங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மாரிக்கண்ணு வாங்கும் கரும்பில் முதல் கட்டு பீவி வீட்டு வாசலுக்குத்தான் போனது. பீவி மறைந்த பிறகும் மகள் சபீதா வீட்டுக்குப் போனது.

செம்பு ஆணி அடித்து நாடாவைக் கட்டையில் பொருத்தினார். சக்கரங்களை மாட்டித் திருகைச் சமமாக வைத்து, வீட்டார் எல்லோரும் பார்க்க முற்றத்தில் ஓட்டிக் காட்டினார். மிதித்ததும் வண்டி குத்துக்கல்லாக நின்றது. கூடவே பழைய கீச்சும் வந்தது, முன்னைவிடப் பலமாக.

பிள்ளை முகம் சுளித்தார். "மறுபடியும் கத்துதேலே! அந்த எண்ணெயக் கொஞ்சம் ஊத்து."

மாரிக்கண்ணு யோசித்தார். சரி எசமான் என்று தலையாட்டிவிட்டு ஊற்றாமல் இருந்துவிடலாம். நாளைக்கு வேறு யாராவது ஊற்றிவிட்டால்?

"எண்ணெய் ஆவாது எசமான். அன்னைக்குப் பிரேக்கு புடிக்காமப் போனதே நான் எண்ணெய் ஊத்துனதாலதான். மிஷினு மேல குத்தமில்ல. எம்மேலதான்."

பிள்ளையின் முகம் கறுத்தது. "அங்கன மணலு கெடக்கலன்னா என்னலே ஆயிருக்கும்? ரெண்டு பச்சப் பிள்ளைங்க இருந்துதே!"

மாரிக்கண்ணு காக்கிக் கோட்டைக் கழற்றி மடித்து வண்டியின் மேல் வைத்தார்.

அப்போது வடிவம்மாள் வாசல்படி இறங்கி வந்தார். மடித்த கோட்டை எடுத்து மாரிக்கண்ணு கையில் கொடுத்தார்.

"செம்பு நெறைய ஊத்திக் கொடுத்தவ யாருலே? நான்லா. அத மட்டும் ஏன் சொல்லாம முழுங்குத?"

"ஆச்சி, நீங்க என்ன கண்டீங்க..."

"நீ மட்டும் என்னத்தக் கண்ட?" என்று சொல்லிவிட்டு வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "பாபநாசத்துக்கு விடு. அதே சரிவுல எறக்கு, பாப்போம்."

பிள்ளையும் வந்து முன்னால், மாரிக்கண்ணு பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பாபநாசத்தில் அன்று கூட்டம் இல்லை. மணல் குவியலும் இல்லை, சத்திரத்துக்காரர்கள் அள்ளிவிட்டார்கள். சரிவில் பாதி இறங்கியதும் மாரிக்கண்ணு மிதித்தார். கீச்சென்று ஊரையே கூப்பிட்டுக்கொண்டு வண்டி நின்றது.

"கத்துனாலும் நிக்குதுலா" என்றார் வடிவம்மாள் பின்னாலிருந்து. "கத்தட்டும்."

இரும்பு கத்தினால் எண்ணெயைத் தேடிப் போகும் மாரிக்கண்ணுவின் கை, அன்றைக்குக் கண்ணைத் துடைக்கப் போனது.