கைக்குக் கீழே கண்

காலை 7.10. விக்கிரமசிங்கபுரத்தில் பேருந்து ஏறினேன். வண்ணார்பேட்டைக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நிறுத்தத்துக்கு எதிரேதான் எங்கள் வீடு. நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருடமாக அவரைக் குளிப்பாட்டுவதும் தூக்கி உட்கார வைப்பதும் நான்தான், வேறு ஆளில்லை. இன்று ஒரு நாளைக்குப் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வெயில் முகத்தில் அடிக்க, விளங்கும் ஒரு கையை நெற்றியில் வைத்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இன்று நேர்காணல். கிடைத்தால் அப்பாவின் வைத்தியத்துக்குப் பணம் வரும். பார்த்துக்கொள்ள நான் இருக்க மாட்டேன்.

8.00. சேரன்மகாதேவி. ஒரு எழுத்தை உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தேன்: 看. மேலே கை, நாலு கோடு. கீழே கண், ஐந்து கோடு. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது, பேணுவது என்று பொருள். தனியே வந்தால் ‘மிரு’ என்று ஒலிக்கும், வேறு எழுத்தோடு சேர்ந்தால் ‘கான்’. நேற்று அப்பாவுக்கும் எழுதிக் காட்டினேன்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னலே, கையில கோலம் போடுதே?”

“ஜப்பான் எழுத்து அண்ணாச்சி. அங்கன வயசானவங்களப் பாத்துக்கிடுத வேலைக்குப் போறேன்.”

“ஏன், நம்மூர்ல வயசானவனே இல்லையாக்கும்?” என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆறு பாதிக்கு மேல் அமலைச் செடி மூடிக் கிடந்தது.

9.00. வண்ணார்பேட்டை. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, நேர்காணல் நடக்கும் பயிற்சி மையத்துக்கு மாடியேறினேன். எனக்கு ஜப்பான் மொழி சொல்லித் தரும் ஆசிரியர் வாசலிலேயே மறித்தார். “வீட்டுல நோயாளி இருக்காங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க. பாதியில திரும்பிப் போயிருவீங்கன்னு நினைப்பாங்க.”

11.30. திரையில் முதியோர் இல்லத்து மேலாளர், நரைத்த தலை அம்மாள். ஒரு எழுத்தைப் பலகையில் எழுதச் சொன்னார். அதே எழுத்துதான். கோடு பிசகாமல் எழுதினேன், பொருளும் இரண்டு ஒலிகளும் சொன்னேன். அவர் கைதட்டினார். பிறகு அதே ‘மிரு’வை வைத்து ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாராவது உண்டா?

“இல்லை” என்றேன். வேலை கிடைத்துவிட்டது. பலகையை நானே துடைத்தேன். அந்த எழுத்தை அப்படியே விட்டுவிட்டு வர மனமில்லை.

மாலை 5.40. ஊரில் இறங்கினேன். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஆனாலும் அப்பா நெற்றியில் கை வைத்து, இறங்குவது யாரென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, அந்தக் கையும் கண்ணும் கேட்டாங்களா?”

“கேட்டாங்கப்பா. சரியா எழுதிட்டேன்.”

“பொறவு?”

“பொறவு ஒண்ணுமில்லப்பா.”

அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். வழக்கம்போல முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டார்.