அக்கா பங்கு

அபுதாபி முசஃபா தொழிலாளர் கேம்பில் என் அறைக்காரன் இந்தோனேசியாவின் மினாங்கபாவ் இனத்து விவசாயி மகன். அவர்கள் ஊரில் வீடும் வயலும் பெண்களுக்குத்தான்; ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள்.

ஊர்ப் பத்திர ஆபீஸிலிருந்து அப்பா போனில் அழைத்தார். குடும்பத்தில் படித்தவன் நான் மட்டும்தான்.

"விடுதலைப் பத்திரம் போட்டோ அனுப்பிருக்கேன். படிச்சுச் சொல்லுய்யா, அக்கா கையெழுத்துப் போட நிக்கிறா."

அப்பாவின் வீட்டிலும் வயலிலும் அக்காவின் பங்கும் எனக்கே என்று எழுதியிருந்தது. அறைக்காரனிடம் சொன்னேன்.

"புருஷனோட சண்டைன்னா உங்க அக்கா எந்த வீட்டுக்குத் திரும்புவா, பாய்?" என்றான் கேம்பில் பழகிய இந்தியில்.

போனில் அப்பா அவசரப்படுத்தினார்.

"நம்மளக் கூப்புடுறாங்கய்யா, சீக்கிரம்!"

"அக்காகிட்ட குடுங்கப்பா." அவள் மூச்சு கேட்டது. "போடாதக்கா."

அப்பா போனைப் பிடுங்கினார். கத்தினார்: "இதுக்காடா உன்னைய படிக்க வச்சேன்?"