ஒல்லாந்துப் பூனையின் பத்தியம்

கூடையைத் தலையில் வைத்தால் பூனை கத்தியது, இடுப்பில் வைத்தால் பிறாண்டியது. அதனால் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பழவேற்காட்டுக் கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு, கோட்டைக்குப்பம் போகும் மணலில் நடந்துகொண்டிருந்தேன். என் சொத்து ஒரு வேட்டி, ஒரு துண்டு, நீரிழிவு வந்த ஒரு பூனை. வேலை போய்விட்டது. அது புதிதல்ல. பூனைக்கு இனி தினமும் மீன் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் செத்துப்போகும். அதுதான் புதிது.

எதிரே வந்த உப்பு வியாபாரி கூடைக்குள் என்ன என்று கேட்டான். பூனை என்றேன். விற்பதற்கா என்றான். வியாதிக்காரப் பூனை, வைத்தியம் நடக்கிறது என்றேன். அவன் கூடையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வியாதி யாருக்கு என்று அவன் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

அந்தப் பூனையின் வீட்டுக்கு நான் காட்டூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். காட்டூரில் அறுப்பு முடிந்ததும் என்னையும் முடித்துவிட்டார்கள். பழவேற்காட்டில் ஒரு துபாஷி வீட்டில் தண்ணீர் சுமக்க ஆள் தேடினார்கள். துபாஷி கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தருக்குப் பூத்துணி வாங்கிக் கொடுப்பவர், அவர்கள் பாஷை பேசுபவர். சுத்த சைவம். ஊரே மீனில் பிழைக்கிறது. அவருடைய துணிமூட்டைகளைக் கப்பலுக்குத் தோணியில் கொண்டுபோகிறவனும் மீன்பிடிக்கிறவன்தான். ஆனால் ஏரிப் பக்கமிருந்து காற்றடித்தால் அந்த வீட்டில் சன்னலைச் சாத்தி சாம்பிராணி போடுவார்கள். காற்று பெரும்பாலும் ஏரிப் பக்கமிருந்துதான் அடிக்கும்.

பூனை கப்பலில் வந்தது. கோட்டைத் துரை கடல் தாண்டி ஒல்லாந்தரின் பத்தாவிப் பட்டணத்துக்குப் புறப்படும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று துபாஷி கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். மஞ்சள் கடுவன். கப்பலில் எலி பிடித்துப் பிழைத்த உடம்பு. அதற்கு அந்த வீட்டில் வெள்ளித் தட்டில் பால்சோறு போட்டார்கள். பால்சோற்றில் சீனி. சீனியும் பத்தாவியிலிருந்து கப்பலில் வருவதுதான். மற்ற வீடுகளில் சம்பந்தி வந்தால்தான் சீனியை வெளியே எடுப்பார்கள். இங்கே பூனைக்கே போடுகிறோம் என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா? விருந்தாளி உட்கார்ந்திருந்தால் தட்டில் இன்னொரு கை சீனி விழும்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் பூனை மாடு மாதிரித் தண்ணீர் குடித்தது. தின்னத் தின்ன இளைத்தது. பின்னங்கால் மடங்கித் தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தது. அது ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு வரிசை கட்டியது. வீட்டு வைத்தியர் எறும்பைப் பார்த்ததும் நாடியே பிடிக்கவில்லை. நீரிழிவு என்றார். ஆவாரம்பூக் கஷாயம் கொடுக்க வேண்டும், சீனி கூடாது, சோறு கூடாது, பால் கூடாது. பின் எதைத்தான் தின்னும் என்று துபாஷி கேட்டார். பாசிப்பயறு வேகவைத்துக் கொடுங்கள் என்று வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். தெருவில் இறங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயறு தின்னு எந்தப் பூனைடா பொழச்சுது? ஏரியில இன்னா கெடைக்குதோ அதைக் குடு. நான் சொன்னேன்னு வெளியே வந்துச்சு, உன்னை யாருன்னே தெரியாதுன்னுடுவேன்."

வீட்டம்மாவிடம், ஏரியிலிருந்து ஒரு மருந்து கொண்டுவர வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய் ஏரிப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினார். என் கண்ணில் படாமல் கொடு என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் அந்த வீட்டில் மீனுக்கு மருந்து என்று பேர். கோட்டைக்குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி பின்சந்தில் இலையில் சுற்றிய மடவை மீனைக் கொடுத்துவிட்டுப் போவாள். மருந்து வந்ததா என்று துபாஷியே கேட்பார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்பார்.

கஷாயம் கொடுப்பது தனிக் கூத்து. சாயம் பிசகிய பூத்துணி ஒன்றில் பூனையைத் தலைமட்டும் தெரியச் சுற்றி, மடியில் இடுக்கி, வாயைப் பிளந்து ஊற்றுவேன். பாதி துணிமேல், பாதி என்மேல். பூனைக்குள் இறங்கியது கோபம் மட்டும்தான். என் முழங்கையில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. கடைசியில் கஷாயத்தை முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். அந்த முருங்கைக்கு நீரிழிவு வந்ததாகத் தகவல் இல்லை.

மீன்தான் வேலை செய்தது. சந்தில் மூன்று கல் வைத்து உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பகலில் பல தடவை கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். என் பிறவியில் அவ்வளவு சுத்தமாக நான் இருந்ததில்லை. பூனைக்கு ஒரு பழைய சட்டியில் சாம்பல் போட்டு வைத்திருந்தேன். காலையில் முதலில் சாம்பலைப் பார்ப்பேன். எறும்பு இருந்தால், யாரோ திருட்டுத்தனமாகப் பால்சோறு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் துபாஷிதான். பாவம் வெறும் மருந்திலேயே இருக்கிறதே என்பார். போகப்போக எறும்பு குறைந்தது, பிறகு வரவேயில்லை. பூனை கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. பின்னங்கால் நிமிர்ந்துவிட்டது. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. எப்படி என்று கேட்பார்களே.

அப்போதுதான் பொன்னேரியிலிருந்து துபாஷியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் இன்னும் கடுமையான சைவம். பூசை, பட்டு, பலகாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பூனைக்கு உடம்பு தேறியிருந்ததால் நல்ல புத்தியும் வந்திருந்தது. பிடித்தவர்களுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுக்கும் குணம். சந்தில் இலையோடு கிடந்த மடவையைக் கவ்விக்கொண்டு கூடத்துக்குள் நடந்து, மாப்பிள்ளையின் அம்மா காலடியில் வைத்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தது. அந்தம்மா எழுந்த வேகத்தில் பலகாரத் தட்டு கவிழ்ந்தது.

அவர்கள் போனபின் வீட்டைக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் தெருவில் ஓடும்போதே துபாஷி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே மருந்தும் கெடையாது, மண்ணும் கெடையாது. பால்சோறுதான்."

"செத்துடும்ங்க."

"செத்தா சைவமா சாவட்டும்."

துரை திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"தொரை துணியில ஒரு நூல் கொறைஞ்சா கண்டுபிடிப்பாரு. பூனையை யாருடா உத்துப் பாக்கறாங்க? இதே நெறத்துல ஒண்ணு பிடிச்சினு வா."

கோட்டை மதிலுக்குப் பின்னால் மஞ்சள் பூனைக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து வெள்ளித் தட்டின் முன் விட்டேன். அதற்கு நீரிழிவு இல்லை, அந்த வீட்டில் இருந்தால் வந்துவிடும். பழையதை எங்கேயாவது தொலை, உன் கையிலும் நாற்றம் போகாது, நீயும் போ என்றார் துபாஷி. தொலைத்துவிட்டு வெறுங்கையோடு போயிருக்கலாம். கூடையில் போட்டு மூடினேன். ஏன் என்று என்னைக் கேட்டால், அத்தனை முள் எடுத்தது வீணாகப் போகிறதே என்றுதான் சொல்வேன்.

கோட்டைக்குப்பத்தில் அந்த மீன்காரம்மா குடிசை வாசலில் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, மருந்தைத் தேடிக்கினு நோயாளியே வந்துட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்தபின் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒரு பழைய வலை இருந்தால் கொடு, பூனைக்கு வேண்டியதை ஏரியில் நானே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து அவள் புருஷன் எட்டிப் பார்த்தான்.

அவன் விளக்கினான். ஏரி சும்மா கிடப்பதுபோல இருக்குமே தவிர, சும்மா கிடப்பதில்லை. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை வைப்பது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். அந்தச் சீட்டில் பேர் இருப்பது அவர்கள் ஊர்க் குடும்பத்துக்கு மட்டும். மற்றவன் வலை போட்டால் வலை போகும், ஊர் முன்னால் மானமும் போகும்.

"ஒரே ஒரு மீனு, பூனைக்குத்தானே?" என்றேன்.

"பூனை பேருக்கும் சீட்டு இல்லப்பா," என்றான்.

அவள் தன் மீன்கூடையில் கைவிட்டு இரண்டு காரப்பொடி மீனை எடுத்துப் பூனைமுன் போட்டாள். இன்றைக்கு விருந்தாளி, நாளைக்கும் விருந்தாளி என்றால் விளக்குமாறு என்றாள். பூனை முள்ளோடு தின்றது. இத்தனை நாள் நான் முள் எடுத்ததற்கு அது மரியாதை. அவர்கள் குடிசைக்கு வெளியே, கவிழ்த்த தோணியின் நிழலில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் அவளே ஒரு வேலை இருக்கிறது என்றாள். எனக்குக் கஞ்சி, பூனைக்கு வலையிலிருந்து வந்த பச்சை மீன், இரண்டும் தினமும் உண்டு. மணலில் கருவாடு காய்கிறது, காவலுக்கு ஆள் வேண்டும். காக்கையைத் துணி வீசி ஓட்டலாம், நாய் ஒரு அதட்டலுக்குப் போய்விடும், தொல்லை ஊர்ப் பூனைகள்தான் என்று சொல்லி, கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தாள். உன்னுடையதும் பூனைதான், அதற்கும் ஓங்குவாயா என்று கேட்டாள். அதற்கு உப்பு ஆகாது, பத்தியம் என்றேன். கூடையை மூடி அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, கழியோடு கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.